கீழே வைத்தால் அழும்

"குழந்தையைக் காணோம் அக்கா!"

மாடிப் பொண்ணு போனில் போட்ட சத்தம் எனக்கே கேட்டது. அண்ணி காபி டம்ளரைக் கீழே வைத்தார். நான் வைக்கவில்லை. மாடிப் பொண்ணுக்கு இன்னும் கல்யாணமே ஆகவில்லை என்பது எனக்குத் தெரியும்.

"அவ சொல்றது பொம்மையை, அண்ணி."

"தெரியும். அதான் சீக்கிரம் கிளம்பணும். நிஜக் குழந்தை காணாமப் போனா போலீஸ் தேடும். பொம்மையை யார் தேடுவா? வண்டியை எடு."

அண்ணியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பொய்க் கேஸ் பிடிக்கும் வேலையில் இருந்தவர். செத்துப்போனதாகக் கணக்குக் காட்டிய ஒரு ஆளை சலூனில் உட்கார்ந்து முடிவெட்டிக்கொண்டிருக்கும்போதே பிடித்த புண்ணியவதி. இப்போது சொந்தமாகத் துப்பறியும் நிலையம் நடத்துகிறார். அதற்கு முதலாளி அவர். டிரைவர், எடுபிடி, அவசரத்துக்குப் பலியாடு எல்லாம் நான். என் அண்ணன் தினமும் ஆபீஸ் கிளம்பும்போது "பார்த்துக்கடா" என்று சொல்லிவிட்டுப் போவான். யார் யாரைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று மட்டும் இதுவரை சொன்னதில்லை.

மாடிப் பொண்ணு எங்கள் வீட்டு மாடியில் வாடகைக்கு இருப்பவள். பிரசவ ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து, மேலே படித்து, இப்போது அதே ஆஸ்பத்திரியின் ஆராய்ச்சித் துறையில் இருக்கிறாள். ரொம்ப நாளாக எங்கள் தலைக்கு மேலே தையல் மிஷின் ஓடிக்கொண்டே இருந்தது. அப்படித் தைத்த பொம்மைதான் காணாமல் போயிருக்கிறது. இன்றைக்குப் பார்த்துப் போயிருப்பதுதான் கொடுமை. இளம் ஆராய்ச்சியாளர்களுக்கு நிதி கொடுக்கும் அறக்கட்டளை ஒன்றின் தேர்வுக்குழு, மத்தியானம் அதை நேரில் பார்க்க வருகிறது.

ஆஸ்பத்திரியில் நிறுத்த இடமே இல்லை. 'துறைத் தலைவர்' என்று பலகை வைத்த ஒரு பெரிய காருக்குப் பின்னால் எங்கள் வண்டியை ஒட்டி நிறுத்தினேன்.

"அந்தக் கார் எப்படி வெளியே வரும்?" என்றார் அண்ணி.

"அது அவர் கவலை, அண்ணி."

ஆராய்ச்சித் துறை நாலாவது மாடி. லிஃப்ட் வேலை செய்யவில்லை. அண்ணி படியேறினார், நான் புலம்பிக்கொண்டே ஏறினேன்.

அறையில் இரண்டு மேசைகள். ஒன்று மாடிப் பொண்ணுடையது. அதன் ஓரத்தில் ஒரு குட்டித் தொட்டில் காலியாகக் கிடந்தது. பக்கத்தில் சார்ஜ் போடும் வயர் சுருண்டிருந்தது. மாடிப் பொண்ணு நாற்காலியில் உட்காரவே இல்லை. கண் இரண்டும் சிவந்திருந்தன.

"காலையில வந்து சார்ஜ் போட்டேன் அக்கா. கீழ கமிட்டிக்கு நாற்காலி போடச் சொல்லப் போனேன். திரும்பி வந்தா தொட்டில் காலி."

"என்னவெல்லாம் போயிருக்கு?"

"குட்டியும் அவன் குல்லாவும். சார்ஜ் போடவும், குட்டி பதிவு பண்ற சூட்டுக் கணக்கை லேப்டாப்புல பார்க்கவும் ஒரே வயர்தான், அது இங்கேயே இருக்கு."

"குல்லாவைக் கூடவா எடுத்துட்டுப் போனான்?" என்றேன். "ரொம்பப் பாசக்காரத் திருடன்."

அண்ணி என்னைத் திரும்பிப் பார்த்தார். வழக்கமாக அந்தப் பார்வைக்கு 'வாயை மூடு' என்று அர்த்தம். இந்தத் தடவை இல்லை.

"குல்லா இல்லாம போனா என்ன ஆகும்மா?"

"சீக்கிரம் ஆறிடும் அக்கா. நிஜக் குழந்தை மாதிரியேதான் செஞ்சேன். எடை குறைஞ்சு பிறந்த குழந்தைக்குத் தன் உடம்புச் சூட்டைப் பிடிச்சு வெச்சுக்கத் தெரியாது. தனியா விட்டா ஆறும். ஆறினா குட்டி அழுவான்."

"போர்வை சுத்தினா?"

"கொஞ்ச நேரம் தாங்கும். போர்வைக்குன்னு தனியாச் சூடு இருக்கா? மறுபடியும் ஆறும், மறுபடியும் அழுவான். வெந்நீர் பாட்டிலை வெச்சா சூடு அதிகமாகி அதுக்கும் அழுவான். ஒருத்தர் நெஞ்சோட சேர்த்து அணைச்சுக்கிட்டாதான் அமைதியாவான். துணிக்கு மேல இல்ல. தோலோட தோல் படணும்."

"அழுகையை நிறுத்த ஒரு பட்டன் வெச்சிருக்கலாமே" என்றேன்.

"நிஜக் குழந்தைக்கு இருக்கா அண்ணா?"

நான் காலித் தொட்டிலை எட்டிப் பார்ப்பதுபோலக் குனிந்துகொண்டேன்.

"பேட்டரியைப் பிடுங்கினா?" என்று கேட்டார் அண்ணி.

"முதுகுத் தையலைப் பிரிக்கணும். பிரிச்சா உள்ளே மூச்சுவிடற பை கிழிஞ்சிரும். அப்புறம் குட்டி இல்ல."

அதைச் சொல்லும்போது அவள் குரல் உடைந்தது. அண்ணி அவள் தோளைப் பிடித்து நாற்காலியில் உட்காரவைத்தார். "இது உனக்கு ஏம்மா இவ்வளவு முக்கியம்? நிதிக்காக மட்டும் நீ இப்படி அழற மாதிரி தெரியலையே" என்றார்.

"நான் நர்ஸா இருந்தப்போ ஒரு குழந்தை, பிரசவ அறையில இருந்து வார்டுக்கு வர்றதுக்குள்ள சில்லுனு ஆயிடுச்சு. ரெண்டுக்கும் நடுவுல ஒரே ஒரு வராண்டா. யாரும் தப்புப் பண்ணல. எல்லாரும் அம்மாவுக்கு ரத்தம் நிக்கலைன்னு ஓடிக்கிட்டிருந்தோம். குழந்தை தள்ளுவண்டியில காத்துக்கிட்டிருந்துச்சு. அம்மா பிழைச்சாங்க." காலித் தொட்டிலின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள். "புதுசா வர்ற நர்ஸுக்கெல்லாம் குழந்தை ஆறிடும்னு வாயால சொன்னா மண்டையில ஏறாது. கையில குட்டி அழுதா ஏறும். இந்த நிதி வந்தா எனக்குன்னு தனி அறை, தனி வேலை, இந்த மாதிரி நூறு குட்டி. வரலைன்னா எங்க துறைத் தலைவர், அந்தப் பேராசிரியருக்குக் கீழே அவருக்குக் கட்டுரை எழுதிக் கொடுத்துக்கிட்டே இருக்கணும். இதுவரைக்கும் எழுதின எல்லாத்துலயும் முதல் பேர் அவரோடதுதான்."

"குட்டியோட இந்தக் குணமெல்லாம் யாருக்குத் தெரியும்?"

"எனக்கு. பேராசிரியருக்கு. பக்கத்து மேசைக்காரருக்கு. அவரும் இன்னிக்கு இதே நிதிக்குப் போட்டி போடறார்."

எனக்கு உடனே எல்லாம் புரிந்துவிட்டது. அதாவது, புரிந்துவிட்டதாக நினைத்தேன்.

"வெளியே கொண்டுபோயிருந்தா?" என்றார் அண்ணி.

"முடியாது அக்கா. இது பிரசவ ஆஸ்பத்திரி. வாசல்ல ஒவ்வொரு பையையும் திறந்து பார்ப்பாங்க. குழந்தை மாதிரி எதைத் தூக்கிட்டுப் போனாலும் நிறுத்திடுவாங்க. பொம்மைன்னு சொன்னாலும் என்னைக் கூப்பிட்டுக் கேட்காம விடமாட்டாங்க."

அண்ணி காலித் தொட்டிலைப் பார்த்து மெதுவாகச் சிரித்தார். "அப்போ திருடினவர் பாடு திண்டாட்டம்தான். வெளியே கொண்டுபோக முடியாது. கீழே வைக்கவும் முடியாது. வெச்சா ஊரைக் கூட்டிடும். இந்தக் கட்டடத்துக்குள்ள யாரோ ஒருத்தர் காலையில இருந்து குழந்தையும் கையுமா மாட்டிக்கிட்டு முழிக்கறார்."

அந்தச் சமயம் பார்த்துக் கதவைத் திறந்துகொண்டு பக்கத்து மேசைக்காரர் உள்ளே வந்தார். ஒல்லியான இளைஞர். வெளியே வெயில் மண்டையைப் பிளக்கிறது. இவரோ கழுத்துவரை ஜிப் போட்ட தடித்த ஜாக்கெட் மாட்டியிருந்தார். வயிற்றுப் பக்கம் உருண்டையாகப் புடைத்திருந்தது. ஒரு கையால் அதைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு நடந்தார்.

நான் அண்ணியைப் பார்த்தேன். அண்ணி வேண்டாம் என்று தலையாட்டினார். அதை நான் சரி என்று எடுத்துக்கொண்டேன்.

"அகப்பட்டியா!" என்று பாய்ந்து அவரைக் கட்டிப்பிடித்தேன்.

'பொளக்' என்று ஒரு சத்தம். என் நெஞ்சில் சூடாக ஏதோ பரவியது. குனிந்து பார்த்தால் வெள்ளைச் சட்டை முழுக்க ரத்தம்! நான் போட்ட அலறலில் வராண்டாவில் யாரோ தட்டைக் கீழே போட்டார்கள்.

"ஐயோ, என் பை!" என்று அலறினார் அவர்.

"ஐயோ, என் உயிர்!" என்று அலறினேன் நான்.

"அது சாயத் தண்ணி அண்ணா" என்றாள் மாடிப் பொண்ணு. "அவரோட ஆராய்ச்சி, பிரசவத்துக்கு அப்புறம் அம்மாவுக்கு எவ்வளவு ரத்தம் போகுதுன்னு அளக்கற பை."

"குட்டி காணாமப் போச்சுன்னதும் எனக்குப் பயம் வந்துருச்சு" என்றார் பக்கத்து மேசைக்காரர், கிட்டத்தட்ட அழுதுகொண்டே. "என்னோடதையும் தூக்கிடுவாங்கன்னு உடம்போட கட்டிக்கிட்டேன். பையில பாதி காலி. இப்ப என்னத்தைக் காட்டுவேன்?" சட்டென்று அவர் முகம் மாறியது. என் சட்டையைத் தொட்டுப் பார்த்தார். "சார், சட்டையைக் கழட்டுங்க."

"எதுக்கு?"

"துணி எவ்வளவு உறிஞ்சிருக்குன்னு எடை போடணும். பையில மீதி இருக்கறதையும் இதையும் கூட்டினா கணக்கு சரியா வருதான்னு பார்க்கலாம். நிஜத்துலயும் பாதி துணியிலதான் போகும். இதைவிட நல்ல சோதனை எனக்குக் கிடைக்காது!"

ஆராய்ச்சிக்காரர்களிடம் இதுதான் தொல்லை. என் மானத்தை உருவி எடை மெஷினில் போட்டார்கள். மாடிப் பொண்ணு வார்டிலிருந்து ஒரு பச்சை கவுன் கொண்டுவந்து கொடுத்தாள். பின்பக்கம் நாடா கட்டும் கவுன். ஒரு தலையுறையும் முகமூடியும் கூடவே வந்தன.

"அதெல்லாம் எதுக்கு?"

"கவுன் மட்டும் போட்டுக்கிட்டுத் திரிஞ்சா தப்பிச்சு ஓடிவந்த நோயாளின்னு பிடிச்சுப் படுக்க வெச்சிருவாங்க அண்ணா. எல்லாம் போட்டா யாரும் கேட்கமாட்டாங்க."

அண்ணி என்னை ஏற இறங்கப் பார்த்தார். "கொழுந்தனாரே, வேலை முடிஞ்சதா? நான் தலையாட்டினது எதுக்குன்னு இப்பவாவது புரியுதா? குல்லாவை எடுத்துட்டுப் போனவருக்குக் குட்டி நல்லா இருக்கணும். போட்டிக்காரனுக்கு என்ன அக்கறை? ஒரு கத்தரிக்கோல் எடுத்து முதுகைப் பிரிச்சிருப்பான், கதை முடிஞ்சது. குட்டி இன்னிக்கு ஒரு நாள் மட்டும் காணாமப் போகணும், நாளைக்குப் பத்திரமா வேணும்னு நினைக்கறவர்தான் நம்ம ஆள்."

மாடிப் பொண்ணு முகம் வெளுத்தது. "வேண்டாம் அக்கா. பேராசிரியரா இருக்காது. அவர் என் வழிகாட்டி."

"பார்த்துட்டு வந்துடலாம்மா. இல்லைன்னா நான் மன்னிப்புக் கேட்டுக்கறேன்."

பேராசிரியர் அறைக்கு வெளியே அவருடைய செயலாளர் அம்மா கணினியில் எதையோ தட்டிக்கொண்டிருந்தார்.

"சார் ரூம் ஏசியில இருந்து தண்ணி ஒழுகி, கீழ் மாடியில தலை மேலேயே சொட்டுதாம்மா" என்று கண்ணிமைக்காமல் பொய் சொன்னார் அண்ணி. "ஆளைக் கூட்டிட்டு வந்திருக்கேன்."

அந்த ஆள் நான்தான். ஆபரேஷன் கவுனில் வந்த உலகத்தின் முதல் ஏசி மெக்கானிக்.

"ஏசியா?" என்றார் செயலாளர் அம்மா. "அதைத்தான் சார் இன்னிக்கு அணைச்சுட்டாரே. எப்பவும் ரூமை ஐஸ்பெட்டி மாதிரி வெச்சிருப்பார். நான் ஃபைலைக் கொடுத்துட்டு நடுங்கிக்கிட்டே வருவேன். இன்னிக்கு வந்த கொஞ்ச நேரத்துலேயே 'ஏசி வேண்டாம், யாரும் உள்ளே வராதீங்க'ன்னு போன்ல சொன்னார். அப்புறம் வெளியே மீட்டிங்னு கிளம்பிட்டார். பின்பக்கக் கதவு வழியாப் போயிட்டார் போல, நான் பார்க்கலை."

உள்ளே ஒரே வெக்கையாக இருந்தது. அலமாரிக் கதவு பாதி திறந்திருந்தது. ஃபைல்களைத் தள்ளி நடுவில் ஒரு இடம் செய்திருந்தார்கள், ஒரு தலையணை வைக்கும் அளவுக்கு. நான் ஏசியைத் தட்டிக்கொண்டு நின்றேன். அண்ணி கதவுக்குப் பின்னால் போய்ப் பார்த்தார். கொக்கியில் கோட்டு தொங்கியது. அதற்குப் பக்கத்தில் டை. டைக்குக் கீழே ஒரு பனியன்.

"தம்பி, நீ எத்தனையோ மீட்டிங்குக்கு என்னை இறக்கிவிட்டிருக்கே. பனியனைக் கழட்டி மாட்டிட்டு மீட்டிங்குக்குப் போன ஆளைப் பார்த்திருக்கியா?"

"நான் இப்ப பனியனோடதான் நிக்கறேன் அண்ணி. அதைப் பத்தி என்கிட்ட பேசாதீங்க."

"அலமாரியில பூட்டி வெச்சிருக்கார். ஆறினதும் அழுதிருக்கு. ஏசியை அணைச்சுப் பார்த்திருக்கார். பத்தலை. கடைசியில டை, சட்டை, பனியன் வரைக்கும் போயிருக்கு. சட்டையை மட்டும் குட்டிக்கு மேல போட்டு மறைச்சுக்கிட்டுப் போயிருக்கார்." அண்ணி பனியனை மடித்து ஒரு காகிதப் பையில் போட்டுக்கொண்டார். "தோலோட தோல் படணும்ல?"

"சரி, மீட்டிங்குக்குப் போயிட்டாரே?"

"எதுல போவார்? அவர் காருக்குப் பின்னாலதானே நீ வண்டியை நிறுத்தினே."

எனக்கே என் மேல் மரியாதை வந்தது. ஆனால் ஒரு பேராசிரியர் வெறும் நெஞ்சில் பொம்மையைக் கட்டிக்கொண்டு எங்கே போய் ஒளிய முடியும்? கழிப்பறை, நூலகம், மாடிப்படி அடி என்று தேடினோம். எங்கேயும் இல்லை. கமிட்டி வந்துவிட்டது என்று பக்கத்து மேசைக்காரர் ஓடிவந்து சொன்னார். முதலில் அவருடைய பையைப் பார்க்கிறார்களாம். அடுத்தது குட்டி. மாடிப் பொண்ணு சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள்.

நாங்கள் அப்போது மூன்றாவது மாடி வராண்டாவில் நின்றிருந்தோம். யாரோ என் முதுகில் தட்டினார்கள். திரும்பினேன். குழந்தை பெற்ற களைப்போடு ஒரு பெண், என் கையில் ஒரு ஃபிளாஸ்க்கைத் திணித்தாள்.

"எங்கேங்க போனீங்க? உள்ளே குழந்தையை வெச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கீங்கன்னு நினைச்சா இங்க வேடிக்கை பார்த்துக்கிட்டு நிக்கறீங்க. வெந்நீர் பிடிச்சுட்டு வாங்க."

"அம்மா, நான் உங்க வீட்டுக்காரர் இல்ல."

அவள் என் கண்ணை உற்றுப் பார்த்துவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். "ஐயோ, மன்னிச்சுக்கோங்க. கங்காரு வார்டுல எல்லா அப்பாவும் இதே கவுன், இதே குல்லா, இதே முகமூடிதான். யார் யாருன்னே தெரியலை" என்று ஃபிளாஸ்க்கைப் பிடுங்கிக்கொண்டு போனாள்.

அண்ணி அப்படியே நின்றுவிட்டார். "அது என்ன வார்டும்மா?"

மாடிப் பொண்ணு கண்ணைத் திறந்தாள். "எடை குறைஞ்ச குழந்தைங்களுக்கு அக்கா. அம்மாவோ அப்பாவோ கவுனுக்குள்ள, வெறும் நெஞ்சோட குழந்தையைச் சேர்த்துக் கட்டிக்கிட்டு சாய்வு நாற்காலியில..." பாதியில் நிறுத்தினாள். "அக்கா!"

"வயரையும் லேப்டாப்பையும் எடுத்துக்கிட்டு வா" என்றார் அண்ணி.

கங்காரு வார்டில் விளக்கு மங்கலாக இருந்தது. வரிசையாகச் சாய்வு நாற்காலிகள். இரண்டு அம்மாக்கள், ஐந்து அப்பாக்கள். எல்லோருடைய கவுனுக்கும் மேலே ஒரு குட்டிக் குல்லா மட்டும் எட்டிப் பார்த்தது. வாசலில் இருந்த வார்டு நர்ஸ் அண்ணிக்கும் மாடிப் பொண்ணுக்கும் கவுன் கொடுத்துவிட்டு, உதட்டில் விரலை வைத்து, சத்தம் போடாதீர்கள் என்று காட்டினார்.

"இதுல எது குட்டின்னு எப்படிக் கண்டுபிடிக்கறது? ஒவ்வொருத்தர் கவுனையும் திறந்து பார்த்தா நம்மை உதைப்பாங்க" என்று கிசுகிசுத்தேன்.

"திறக்க வேண்டாம். சும்மா நின்னு பாரு."

பார்த்தேன். முதல் அப்பா குனிந்து குல்லாவைப் பார்த்தார், நிமிர்ந்தார், மறுபடி குனிந்தார். இரண்டாவது அப்பாவும் அப்படியே. மூச்சு வருகிறதா என்று நெஞ்சில் கையை வைத்து வைத்துப் பார்த்தார். அம்மாக்கள் கண்ணையே எடுக்கவில்லை. கடைசி நாற்காலியில் இருந்த ஒருவர் மட்டும் ஒரு தடவை கூடக் குனியவில்லை. தலை பின்னால் சாய்ந்திருந்தது. முகமூடி மேலும் கீழும் ஏறி இறங்கியது. மெல்லிய குறட்டை.

"அவரா? அவர் ரொம்ப நல்ல அப்பாங்க" என்றார் வார்டு நர்ஸ் மெதுவாக. "காலையில வந்து உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்ல. பாத்ரூமுக்குக் கூடப் போகலை. பாவம், இந்த வயசுல குழந்தை."

அண்ணி அவர் பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். "சார், குழந்தை எத்தனை கிலோ?"

பேராசிரியர் கண்ணைத் திறந்தார். எதிரே மாடிப் பொண்ணைப் பார்த்தார். எழுந்திருக்கப் போனார்.

"எழுந்திருக்காதீங்க. முழிச்சுக்கும்" என்றார் அண்ணி.

தூங்கும் குழந்தைகளுக்கு நடுவே சண்டை போடுவது எப்படி என்று அன்றைக்குத்தான் பார்த்தேன். மாடிப் பொண்ணுக்கு வந்த கோபத்துக்குக் கட்டடமே அதிர்ந்திருக்க வேண்டும். வெளியே வந்தது காற்று மாதிரி ஒரு கிசுகிசுப்புதான்.

"நான் எழுதின எல்லாத்துலயும் உங்க பேரைத்தானே சார் முதல்ல போட்டீங்க? ஒரு தடவை கூட வாயைத் திறக்கலையே. இதையும் விட மனசு வரலையா?"

"நாளைக்கே திருப்பி வெச்சிருப்பேன்" என்று அவரும் கிசுகிசுத்தார். "நீ தனியாப் போயிட்டா என் துறையில வேலை செய்ய யாரும்மா இருக்கா? உனக்குத் தெரியாதா? எல்லாத்தையும் நீதானே பார்க்கறே."

"அதை ஒரு தடவையாவது வெளியில சொல்லியிருக்கீங்களா?"

அவருடைய ஒரு கை மட்டும் கவுனுக்கு மேலே குட்டியின் முதுகைத் தட்டிக்கொண்டே இருந்தது. அவருக்கே அது தெரியவில்லை என்று நினைக்கிறேன்.

"உன் குழந்தைம்மா. நீ முடிவு பண்ணு" என்றார் அண்ணி. "போலீஸா, கமிட்டியா?"

மாடிப் பொண்ணு புறங்கையால் கண்ணைத் துடைத்தாள். லேப்டாப்பைத் திறந்தாள். குனிந்து, கவுனின் ஓரத்தை விலக்கி, குட்டியின் காலில் வயரைச் சொருகினாள். "கமிட்டியைக் கூட்டிட்டு வாங்க அண்ணா" என்றாள்.

தேர்வுக்குழுத் தலைவி கண்ணாடியை மூக்கின் நுனியில் வைத்திருந்த ஒரு அம்மாள். அவருக்கும் கூட வந்தவர்களுக்கும் கவுன் மாட்டி உள்ளே அழைத்து வந்தேன். முகமூடியை இறக்கிவிட்டு நாற்காலியில் இருந்தவரைப் பார்த்ததும் அந்தக் கண்ணாடி இன்னும் கொஞ்சம் இறங்கியது.

"பேராசிரியரா? நீங்க இங்கே எப்படி?"

பேராசிரியர் அண்ணியைப் பார்த்தார். அண்ணி மடியிலிருந்த காகிதப் பைக்குள் கையை விட்டு, பனியனின் ஒரு ஓரத்தை மட்டும் வெளியே இழுத்துக் காட்டினார். யாரும் அதைக் கவனிக்கவில்லை. கவனிக்க வேண்டியவர் கவனித்தார்.

"கருவியை... நானே கட்டிப் பார்க்கலாம்னு" என்றார்.

"காலையில இருந்து கழட்டவே இல்லைங்க" என்று வார்டு நர்ஸ் நல்லெண்ணத்தில் எடுத்துக் கொடுத்தார்.

தலைவி அம்மாள் அசந்துபோனார். திரையில் ஒரு கோடு ஓடிக்கொண்டிருந்தது. குட்டியின் உடம்புச் சூடு, காலையிலிருந்து. அவர் விரலை வைத்தார். "இந்த இடத்துல கோடு சரிஞ்சிருக்கே. என்ன ஆச்சு?"

"சார்தான் அப்போ கூட இருந்தார்" என்றாள் மாடிப் பொண்ணு. "சாரே சொல்லட்டும்."

பேராசிரியர் முதல் தடவையாகக் குனிந்து குல்லாவைப் பார்த்தார்.

"தனியா வெச்சிருந்தேன்" என்றார் பேராசிரியர்.

"எங்கே?"

"அலமாரியில... அலமாரிக்குப் பக்கத்துல. ஏசி ஓடிக்கிட்டிருந்துச்சு. ஆறிடுச்சு. அழுதது."

"அப்புறம்?"

"ஏசியை அணைச்சேன். நிக்கலை. கோட்டைச் சுத்தினேன். கொஞ்ச நேரம் சும்மா இருந்து மறுபடியும் அழுதது. எனக்குக் கையும் ஓடலை காலும் ஓடலை. அப்புறம்தான் நெஞ்சோட வெச்சேன்." தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "நின்னுடுச்சு. உடனே நின்னுடுச்சு."

தலைவி அம்மாளின் விரல் கோட்டோடு நகர்ந்தது. சரிந்த கோடு மெல்ல ஏறி, அதற்கப்புறம் ஆடாமல் அசையாமல் போய்க்கொண்டிருந்தது. அவர் ரொம்ப நேரம் அதையே பார்த்தார்.

"குழந்தையைப் பத்தி ஒண்ணும் தெரியாத ஒருத்தர் கையில கொடுத்தாலும் இது கத்துக்கொடுத்துடும் போலிருக்கே" என்றார். பேராசிரியரின் காது சிவந்தது. "ஒரு கேள்வி. இந்த நிதி தனியா நிக்கப்போற இளைஞர்களுக்கு. இந்த வேலையில உங்க பேர் எந்த இடத்துல வரும்?"

பனியன் இன்னொரு அங்குலம் வெளியே வந்தது. ஆனால் பேராசிரியர் இந்தத் தடவை அண்ணி பக்கம் திரும்பவே இல்லை. மாடிப் பொண்ணைத்தான் பார்த்தார்.

"எங்கேயும் வராது. முழுக்க இவளோடது. தையல் முதற்கொண்டு. இதுக்கு முன்னால வந்ததுலயும் பெரும்பாலும் இவ வேலைதான்."

மாடிப் பொண்ணு அழுதாள், சத்தமில்லாமல். நானும் அழுதேன். முகமூடி இருந்ததால் தப்பித்தேன்.

"கடிதம் முறைப்படி அப்புறம் வரும்" என்றார் தலைவி அம்மாள். "நீங்க அடுத்த குட்டியைத் தைக்க ஆரம்பிக்கலாம். அந்த ரத்தப் பைப் பையனுக்கும் நிதி உண்டு. யாரோட சட்டையோ ஒண்ணை எடை போட்டுக் காட்டினார், பிரமாதம்."

"என் சட்டை" என்றேன். யாரும் கண்டுகொள்ளவில்லை.

எல்லோரும் போனபிறகு பேராசிரியர் கவுனின் கட்டை அவிழ்த்தார். குட்டியின் கழுத்துக்கடியில் ஒரு கையை வைத்து, இன்னொரு கையால் முதுகைத் தாங்கி, மாடிப் பொண்ணிடம் நீட்டினார். நெஞ்சை விட்டு விலகியதும் குட்டி லேசாகச் சிணுங்கினான். அவள் வாங்கி, கவுனுக்குள் விட்டு, வெறும் கழுத்தோடு சேர்த்து அணைத்துக்கொண்டாள். சிணுங்கல் நின்றது.

அண்ணி காகிதப் பையை அவரிடம் கொடுத்தார். அதை வாங்கிக்கொண்டு கதவுவரை போனவர், திரும்பி நின்றார்.

"தூங்கிட்டானா?"

"சார், அது பொம்மை" என்றேன்.

"தெரியும்" என்றார் எரிச்சலாக. கதவை மட்டும் சத்தம் வராமல் சாத்திவிட்டுப் போனார்.